காணாத குரல்

விமானம் எதனால் பறக்கிறது என்று கேட்டால், எட்டாம் வகுப்பு மாணவிகூட இறக்கை, எஞ்சின், காற்று என்று விடை சொல்லிவிடுவாள். விடை சரியே. ஆனால் மூடுபனியிலும் நள்ளிரவிலும், கீழே என்ன இருக்கிறதென்றே தெரியாத வேளையில், விமானியைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு குரல். அக்குரலுக்கு உரியவரை விமானி பார்த்ததில்லை. பெரும்பாலும் பார்க்கப் போவதுமில்லை. ஆயினும் அது இடப்புறம் திரும்பச் சொன்னால் திரும்புகிறார். கீழே இறங்கச் சொன்னால் இறங்குகிறார். பின்னால் அமர்ந்திருக்கும் இருநூறு, முந்நூறு பேரின் உயிரும் அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

அன்பான தங்கையரே! நாங்கள் உடன்பிறந்தவர்கள் இருவர், பழைய மாணவியர். மீனம்பாக்கத்திற்கு அருகே பம்மலில் வளர்ந்தோம். மொட்டை மாடியில் வடகத்துக்குக் காவலாக எங்களை உட்கார்த்தினால், வடகத்தைக் காக்கைக்கு விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம் என்று அம்மா ஏசாத கோடை இல்லை. ஆவ்ரோ, கேரவெல், போயிங் என்று ஓசையைக் கொண்டே பெயர் சொல்வதில் எங்களுக்குள் போட்டி நடக்கும். வயது ஏறியும் அந்தப் பித்து இறங்கவில்லை. விமானம் வரும் திரைப்படம் எதுவானாலும் பார்த்துவிடுவோம். வெளியூர் போனால் கடைத்தெருவுக்கு முன்னால் விமானிகளின் நினைவுச் சின்னம் எங்கே என்று விசாரிப்போம். இவ்விரண்டோடு தொலைபேசித் தொல்லையையும் சேர்த்து ஆண்டு மலருக்கு எழுதப் போகிறோம் என்றதும், “மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா?” என்று அண்ணன் சிரித்தார். முடிச்சு இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

திரையில் பறந்தவை

விமானப் படங்களுக்கும் திரைப்படக் கலைக்கும் உறவு மிகப் பழையது. ஆஸ்கார் விருதுகள் முதன்முதலாக 1929இல் வழங்கப்பட்டபோது சிறந்த படம் என்ற பெருமையைப் பெற்றது ‘விங்ஸ்’ என்னும் 1927ஆம் ஆண்டுப் படம். முதல் உலகப் போரின் விமானிகளைப் பற்றிய மௌனப் படம் அது. அதை இயக்கிய வில்லியம் வெல்மன் அப்போரில் தாமே விமானியாக இருந்தவர்.

எங்களைப் போன்ற பித்தர்கள் இத்தகைய படங்களைப் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவர் பாடு திண்டாட்டந்தான். “இந்த விமானம் அந்த ஆண்டில் ஏது?” என்று குறை சொல்லிக்கொண்டே இருப்போம். 1969இல் வந்த ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்தில் ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானங்களாக நடித்தவை ஸ்பெயின் நாட்டில் உரிமம் பெற்றுக் கட்டப்பட்டவை. அவற்றில் பொருத்தியிருந்ததோ இங்கிலாந்தின் ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின் எஞ்சின்! எதிரெதிரே சீறிவரும் ஸ்பிட்ஃபயருக்கும் மெர்லின்தான் இதயம். காது பழகியவர்க்கு இது வேடிக்கை. ஆனாலும் அப்படத்தை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். வானத்துச் சண்டையோடு நில்லாமல், நிலத்தடி அறையில் பெரிய வரைபட மேசையைச் சுற்றி நின்று, தொலைபேசியில் வரும் செய்திக்கேற்பக் காய்களை நகர்த்தும் பெண்களையும் அது காட்டுகிறது. எத்தனை பகை விமானங்கள், எங்கே, எந்தத் திசையில் என்பதை அப்பெண்கள் அறிந்து வைத்ததால்தான், எங்கே போக வேண்டும் என்று விமானிகளுக்குச் சொல்ல முடிந்தது.

குரலையே மையமாக வைத்த படம் ஒன்று உண்டென்றால், 1946இல் பவல், பிரெஸ்பர்கர் இருவரும் எடுத்த ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’தைச் சொல்வோம். எரியும் விமானத்தில் பாராசூட் இல்லாமல் தனித்து நிற்கிறான் ஒரு விமானி. தரையிலிருக்கும் வானொலிப் பெண்ணோடு கடைசியாகப் பேசுகிறான். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அந்தச் சில நிமிடப் பேச்சிலேயே இருவர் உள்ளமும் ஒன்றாகிவிடுகிறது. பூமியை வண்ணத்திலும் விண்ணுலகைக் கறுப்பு வெள்ளையிலும் காட்டிய படம் அது. விண்ணுலகம் அல்லவா வண்ணமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் வாதாடியதுண்டு.

அண்மைக் காலப் படங்களில் ‘சல்லி’ (2016) எங்களுக்குப் பிடித்தது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் புறப்பட்ட விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் பறவைக் கூட்டம் மோதிச் செயலிழந்தன. 208 நொடிகளுக்குள் விமானி அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தனர். விசாரணை அதிகாரிகளை அப்படம் தேவைக்கு மேல் கடுமையானவர்களாகக் காட்டுகிறது என்பது எங்கள் குறை. ஆனால் கட்டுப்பாட்டு அறையிலிருந்த அதிகாரியை அது மறக்கவில்லை. ஓடுபாதை ஒன்று, மற்றொன்று என்று கடைசி வரை விமானிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். பதில் நின்றுபோனதும் எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்றே எண்ணினார். இதை அவரே பின்னர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சொன்னார். குரல் நின்றுபோவது என்றால் என்ன என்று அவரைக் கேட்டால் தெரியும்.

தமிழில் ‘சூரரைப் போற்று’ (2020) வந்தபோது எங்கள் வீட்டில் திருவிழாதான். கர்நாடகத்துக் கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவி, கதையை மதுரைப் பக்கத்து மண்ணுக்கு மாற்றி எடுத்தார் இயக்குநர் சுதா கொங்கரா. கதையில் கற்பனை நிறையவே கலந்திருக்கிறது. ஆனால் ஒரு ரூபாய் டிக்கெட் கற்பனை அன்று. அவருடைய நிறுவனம் அப்படி விற்றது உண்மை.

இவற்றையெல்லாம் பார்த்த பின் எங்களுக்கு ஒன்று தோன்றுகிறது. நல்ல விமானப் படம் கொஞ்சம் பொய் சொல்லலாம். திரைக்கு முன் அமரும்போதே அது கதை என்று நமக்குத் தெரியும். அதனால் யாரும் ஏமாறுவதில்லை.

கல்லில் எழுதிய பெயர்கள்

நினைவுச் சின்னங்கள் கதை சொல்வதில்லை. பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதி தட்டையான வயல்வெளி. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஏராளமான விமானத் தளங்கள் இருந்தன. இன்று பல இடங்களில் கோதுமை விளைகிறது. ஊர்ப்புறத்துச் சாலை ஓரங்களில் ஒரு சிறு கல், சில இடங்களில் வளைந்துபோன விமான விசிறி, கீழே படைப்பிரிவின் எண், அவ்வளவுதான். லிங்கன் நகரின் குன்றில் மட்டும் உயரமானதொரு நினைவுக் கோபுரம் நிற்கிறது. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை அகலம் எவ்வளவோ, அவ்வளவு உயரம் அதற்கு: 31 மீட்டர். சுற்றியுள்ள சுவர்களில் ஏறத்தாழ 58,000 பெயர்கள்.

எங்கள் மனத்தை விட்டு அகலாதது இலண்டனுக்கு மேற்கே ரன்னிமீடு என்னும் இடத்திலுள்ள நினைவாலயம். 1953 அக்டோபர் 17 அன்று எலிசபெத் அரசியார் திறந்து வைத்தது. அண்ணன் மகள் இலண்டனில் படித்தபோது அவளோடு போனோம். குன்றின் மேல் நின்றால் கீழே தேம்ஸ் ஆறு. தொலைவில் ஹீத்ரோ விமானங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். உள்ளே துறவியர் மடங்களில் இருப்பதுபோல் நாற்புறமும் நடைவழி. ஒடுங்கிய சன்னல்களின் ஓரக் கற்களில் பெயர்கள், பெயர்கள், பெயர்கள்! விமானப் படைகளில் பணியாற்றி, கல்லறைகூட இல்லாமல் மறைந்துபோன இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். பெரிய கண்ணாடிச் சன்னலில் 139ஆம் திருப்பாடலின் வரிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். எங்கே பறந்தாலும் எங்கே வீழ்ந்தாலும் இறைவனின் கைக்கு எட்டாத இடமில்லை என்று பாடும் பாடல் அது. கல்லறை இல்லாதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடல் ஏது?

அங்கே இரு பெண்களின் பெயர்களைத் தேடிக் கண்டுபிடித்தோம். ஒருவர் ஏமி ஜான்சன். 1930இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே விமானம் ஓட்டிச் சென்ற முதல் பெண். போர்க்காலத்தில் விமானங்களை இடம் மாற்றிக் கொடுக்கும் பணியில் இருந்தபோது, 1941 ஜனவரி 5 அன்று தேம்ஸ் கழிமுகத்தில் வீழ்ந்து மறைந்தார்.

மற்றொருவர் நூர் இனாயத் கான். தந்தை பரோடாவைச் சேர்ந்த இசைக் கலைஞர், சூஃபி ஞானி; திப்பு சுல்தானின் வழிவந்தவர் என்பர். நூர் குழந்தைகளுக்குப் புத்த சாதகக் கதைகளை எழுதி 1939இல் நூலாக வெளியிட்டவர். மென்மையான அந்தப் பெண் 1940இல் இங்கிலாந்தின் மகளிர் துணை விமானப் படையில் சேர்ந்து வானொலிக் கருவி இயக்கக் கற்றார். 1943 ஜூன் மாதத்து நிலா வெளிச்சத்தில் ஒரு சிறு லைசாண்டர் விமானம் அவரைப் பகைவர் வசமிருந்த பிரான்சில் இறக்கிவிட்டது. வந்த சில நாள்களிலேயே உடன் பணியாற்றியவர்கள் வரிசையாகப் பிடிபட்டனர். திரும்பி வந்துவிடலாம் என்று இலண்டன் சொல்லியும் நூர் வரவில்லை. வீடு மாற்றி வீடு மாற்றி, கருவியைத் தூக்கிக்கொண்டு, பாரிசிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். 1944 செப்டம்பரில் டாக்காவ் சிறை முகாமில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 30. 1949இல் ஜார்ஜ் சிலுவை விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இனிச் சொல்வதைக் கவனியுங்கள். நூர் பிடிபட்ட பின்பும் அவருடைய கருவி பேசிற்று! ஜெர்மானியர் அவருடைய குறிப்பேடுகளை வைத்துக்கொண்டு அவரைப் போலவே இலண்டனுக்குச் செய்தி அனுப்பினர். இலண்டன் நம்பியது. நம்பி அனுப்பப்பட்டவர்களில் சிலர் வானத்திலிருந்து பாராசூட்டில் இறங்கியதும் பகைவர் கையிலேயே சிக்கினர், உயிரும் இழந்தனர். உண்மைக் குரல் எத்தனையோ பேரைக் காத்தது. அதே கருவியில் வந்த பொய்க் குரல் அவர்களைக் கொன்றது.

அந்தப் பெயரை எங்கள் அண்ணன் மகள் வாய்விட்டுப் படித்தாள். “அத்தை, இவங்களைப் பத்தி எங்க பாடப் புத்தகத்துல ஒரு வரிகூட இல்லையே?” என்றாள். அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

பனியில் கலைந்த சொல்

இன்னொரு நினைவுச் சின்னத்தை நாங்கள் நேரில் கண்டதில்லை, படத்தில்தான் பார்த்திருக்கிறோம். ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில், மேசா மோட்டா என்னும் குன்றில், வானத்தை நோக்கிச் சுழன்று ஏறும் படிக்கட்டு ஒன்று நிற்கிறது. 2007 மார்ச் 27 அன்று திறக்கப்பட்டது. சரியாக 30 ஆண்டுகளுக்கு முன், 1977 மார்ச் 27 அன்று, அருகிலுள்ள விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தனர். விமான வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இல்லை.

அந்தப் பேரிடர் எங்கே தொடங்கியது தெரியுமா? அடுத்த தீவின் விமான நிலையத்துப் பூக்கடையில் ஒரு குண்டு வெடித்தது. பின், இன்னொரு குண்டும் இருக்கிறது என்ற பொருளில் தொலைபேசியில் ஒரு மிரட்டல் வந்தது. நிலையத்தை மூடிவிட்டு, வந்த விமானங்களையெல்லாம் டெனரீஃபுக்குத் திருப்பினார்கள். சிறிய நிலையம், இடம் போதவில்லை. பனி இறங்கியது. ஒரு விமானம் ஓடுபாதையின் முனையில் பறக்க ஆயத்தமாக நிற்கிறது. மற்றொன்று அதே ஓடுபாதையில் எதிரே வந்துகொண்டிருக்கிறது. ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று தெரியவில்லை. அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணி முதல் விமானம் ஓடத் தொடங்கியது. ‘பொறு’ என்று கட்டுப்பாட்டு அதிகாரி சொன்ன அதே நொடியில், ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்று மற்ற விமானமும் சொன்னது. ஒரே அலைவரிசையில் இரு குரல்கள் மோதின. விமானியின் காதில் விழுந்தது கீச்சென்ற ஓசைதான்.

அன்றிலிருந்து விமான உலகம் தன் பேச்சையே திருத்திக்கொண்டது. ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை, பறக்க அனுமதி கொடுக்கும்போதும் அதை நீக்கும்போதும் அல்லாமல் வேறெப்போதும் சொல்லக் கூடாது என்றாயிற்று. கேட்ட கட்டளையை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் வலியுறுத்தப்பட்டது. 583 உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் அது.

பூனைக் குரலும் பொய்க் குரலும்

இப்போது தொல்லை அழைப்புக்கு வருவோம். வானத்திலும் தொல்லை அழைப்பு உண்டு என்றால் நம்புவீர்களா? 121.5 மெகாஹெர்ட்ஸ் என்பது ஆபத்துக் காலத்துக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசை. வழி தவறியவர்களும் எஞ்சின் நின்றவர்களும் அதில்தான் உதவி கேட்பார்கள். அமெரிக்க வானில் சில விமானிகள் பொழுது போகாமல் அதில் பூனை போல ‘மியாவ்’ என்று கத்துகிறார்கள்! கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மியாவுக்கு அடியில் ஒருவருடைய அபயக்குரல் அமுங்கிப் போனால்?

2016இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஓர் ஆள் வானொலிக் கருவியில் கட்டுப்பாட்டு அதிகாரிபோலப் பேசினான். தரையிறங்க வந்த பயணிகள் விமானம் ஒன்று இறங்காமல் மீண்டும் மேலே ஏறியது. நம் நாட்டில் 2024 அக்டோபரில் விமானங்களில் குண்டு இருப்பதாக நூற்றுக்கணக்கான பொய் மிரட்டல்கள் இணையத்தின் வழியே வந்தன. அவற்றுள் ஒன்றால், அக்டோபர் 15 அன்று டெல்லியிலிருந்து சிகாகோ போன விமானம் கனடாவின் வட கோடியில், இக்காலுயிட் என்ற பனிப் பிரதேசச் சிற்றூரில் இறங்க நேர்ந்தது. இருநூறுக்கு மேற்பட்டோர் அங்கே தவித்தனர். கனடா விமானப் படை விமானம் வந்து அவர்களைச் சிகாகோவில் சேர்த்தது. அவர்களில் கைக்குழந்தைக்காரியும் மருந்து தீர்ந்த முதியவரும் இருந்திருக்க மாட்டார்களா? இப்படி மிரட்டுவோர் எல்லாம் கொடியவர் அல்லர். ‘சும்மா விளையாட்டுக்கு’ என்று பிடிபட்ட பின் அழும் மாணவரும் உண்டு. அந்த விளையாட்டை எவரும் விளையாட வேண்டாம்.

நம் வீட்டுத் தொலைபேசி

நம் வீட்டுக்கு வரும் தொல்லை இவ்வளவு பெரிதன்று. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று நாளைக்கு ஏழெட்டு அழைப்புகள். அடுப்பில் பால் பொங்கும்போதும், மாலைச் செபத்துக்கு முழந்தாளிடும்போதும் மணி அடிக்கும். நம் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். ஆனால் நாம் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. இதில் நேரம் போவது சிறு நட்டந்தான். பெரிய நட்டம் வேறு.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். டீச்சரம்மா என்றுதான் தெருவே அழைக்கும். ஒருநாள் காலையிலிருந்து ஆறு கடன் அழைப்புகள். சலித்துப்போய், அறியாத எண்ணை எடுப்பதில்லை என்று இருந்துவிட்டார். அன்று மாலை அவருடைய பேத்தி தாம்பரம் நிலையத்தில் இறங்கினாள். அவள் தொலைபேசி அணைந்துவிட்டது, மழை வேறு. அருகிலிருந்த ஓர் அம்மாளிடம் கேட்டு வாங்கி நான்கு முறை பாட்டியை அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. முன்பின் தெரியாத அந்த அம்மாள் பிள்ளையைத் தனியே விடாமல், இரவு ஒன்பது மணி வரை உடனிருந்து, ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். டீச்சரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நாங்கள் பார்த்தோம்.

குற்றம் டீச்சரம்மாவுடையதா? அல்லவே அல்ல. ஆறு பொய்யான மணிகள் ஏழாவதான உண்மை மணியை ஊமையாக்கிவிட்டன. டெனரீஃப் ஓடுபாதையில் நடந்ததும் இதுதான்: வேறோர் ஓசை குறுக்கே விழுந்து, கேட்க வேண்டிய சொல் கேட்காமல் போயிற்று.

எனவே பெற்றோருக்கும் மாணவியருக்கும் விமானிகளிடம் நாங்கள் கற்ற சில பழக்கங்களைச் சொல்கிறோம். பேசத் தொடங்கியதும், யார் அழைப்பது, எதற்கு அழைப்பது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். விமானிகள் அப்படித்தான் செய்கிறார்கள். முக்கியமான செய்தியைக் கேட்டதும் திருப்பிச் சொல்லுங்கள்: “ஐந்தரை மணி, இரண்டாவது வாசல், சித்தி வருவாங்க, சரிதானே?” வேறொருவர் தொலைபேசியிலிருந்து அழைக்க நேர்ந்தால், எடுக்காவிட்டாலும் பெயரைச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஓர் அடையாளச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை அழைப்புகள் வேண்டாமெனில் 1909 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். மீறி அழைப்பவர்மேல் அங்கேயே புகார் கொடுக்கலாம். காவல் துறை, நீதிமன்றம் என்று மிரட்டி ‘டிஜிட்டல் கைது’ செய்வதாகச் சொன்னால் அஞ்ச வேண்டாம். அப்படியொரு கைது நம் சட்டத்தில் இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். இந்த எண்களைச் சமையலறைச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

தங்கையரே, இந்திய விமானிகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் பெண்கள் என்று அரசு தெரிவித்திருக்கிறது. உலகச் சராசரியோ 5 விழுக்காடுதான். உங்களுள் சிலர் நாளை விமானி இருக்கையில் அமரலாம். சிலர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அமரலாம். எங்கே அமர்ந்தாலும், முகம் தெரியாத ஒருவர் உங்கள் குரலை நம்பி ஒரு காரியம் செய்வார். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக இருக்க இன்றே, வீட்டுத் தொலைபேசியிலிருந்தே பழகத் தொடங்குங்கள்.